மில் காலனியில் அறாத சீஸ் இழை

தீபாவளிக்கு மறுநாள் காலை ஏழேகாலுக்கு நாச்சிமுத்து மேஸ்திரி, தட்டில் விழும்வரை பொறுக்காமல் கல்லிலிருந்து நேரே கிள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் தன் வழக்கப்படி சீஸ் தோசையில் ஒரு விள்ளலை எடுத்துப் போட்டுக்கொண்டபோது, பின்னாலேயே வந்த இழை, ஊர் உலகத்தில் எல்லா சீஸும் செய்கிறபடி முழ நீளத்தில் அறுந்து மோவாயில் ஒட்டிக்கொள்ளவில்லை. அவர் கூடத்துக்கு நடந்தார், இழையும் கூடத்துக்கு வந்தது. கை கழுவினார், சட்டை மாட்டினார், சாமி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டார், மொபெட்டை மிதித்துக் கிளப்பினார், இழை அடுக்களையிலிருந்து வாசல் வழியாக வெளியேறி, எதிர்வீட்டு முருங்கையில் ஒருமுறை உரசி, அவர் கடைவாயைப் பிடித்துக்கொண்டே மில் கேட்டுவரைக்கும் ஒன்றரை மைல் போயிற்று. அவர் மனைவி கோகிலாமணி தோசைத் திருப்பியும் கையுமாக வாசலில் நின்று பார்த்தாள். வாசல் கதவை இனி எப்படிச் சாத்துவது என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

இது ஏன் நடந்தது என்று அந்த நூல் மில் காலனியின் அறுபத்து நாலு வீட்டிலும் யாரும் கேட்கவில்லை, மில்லிலிருந்து வருகிற எதையும் ஏன் என்று கேட்டு அவர்களுக்குப் பழக்கமில்லை. தீபாவளிக்கு வழக்கமாகத் தரும் இனிப்பு டப்பாவுக்குப் பதில் அந்த வருஷம் வீட்டுக்கு ஐந்து கிலோ சீஸ் கட்டி வந்ததற்குக் காரணம், முதலாளியின் மருமகன் மலைமேல் ஆரம்பித்த சீஸ் ஆலையின் சரக்கு விலைபோகாமல் கிடங்கில் கிடந்ததுதான் என்பது எல்லாருக்கும் தெரியும். விற்காததைப் பரிசு என்று பேர் வைத்துக் கொடுத்தால் கும்பிட்டு வாங்குவார்கள் என்று மருமகனுக்குத் தெரியும். அவர்களும் கும்பிட்டுத்தான் வாங்கினார்கள். வாங்கி வந்த கட்டியைப் பெண்கள் துணி சோப்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஒருத்தி அதை ரசத்தில் உதிர்த்துப் போட்டு ரசத்தையும் கெடுத்தாள். கடைசியில் ஆண்கள்தான் வழி சொன்னார்கள், சுலபமா எதையாச்சும் பண்ணு என்று.

சுலபம் என்கிற சொல்லை, உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களில் எவனோ ஒருவன்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். நேற்றைய இட்லியை உதிர்த்து, கடுகும் வெங்காயமும் பச்சை மிளகாயும் தாளித்து, மேலே சீஸைத் துருவி மூடி வை, சுலபம். மீந்த அரிசிம்பருப்புச் சோற்றை உருண்டை பிடித்து, நடுவில் ஒரு துண்டு சீஸை ஒளித்து, பணியாரக் கல்லில் திருப்பித் திருப்பிச் சுடு, சுலபம். உருளைக்கிழங்கை வேகவைத்து, தோலுரித்து, மசித்து, மிளகுத்தூள் போட்டு, ரொட்டிக்கு நடுவில் வைத்து நெய் விட்டு முறுகலாக எடு, அதைவிடச் சுலபம் உண்டா. அம்மி இல்லை, ஆட்டுக்கல் இல்லை, வீட்டில் இருக்கிறதை வைத்துப் பண்ணுவதுதானே என்பார்கள், வீட்டில் இருக்கிறதிலெல்லாம் முதலில் இருப்பது அவள்தான் என்பதை வசதியாக மறந்துவிட்டு. கோகிலாமணி அத்தனையும் பண்ணினாள். நாச்சிமுத்து சாப்பிட்டுவிட்டு, பரவால்ல என்றார்.

அவள் அந்த வாரம் உடுமலைக்குப் போக வேண்டியிருந்தது. அவளுடைய ஒரே அக்கா துளசிமணிக்கு மார்பில் கட்டி, வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன் என்று நாள் குறித்தாகிவிட்டது. துளசிமணி கல்யாணம் கட்டிக்கொள்ளாதவள், பள்ளிக்கூடத்துச் சத்துணவில் இருபது வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள், அவளுக்கு ஒரு வாய் கஞ்சி வைத்துக் கொடுக்க ஒரு நாதி கிடையாது. பதினைந்து நாள் போய் இருந்துவிட்டு வருகிறேன் என்று கோகிலாமணி ஆயுதபூஜையன்றே கேட்டு, நாச்சிமுத்துவும் சரி என்று சொல்லி, நாலு சேலையை மடித்துப் பையில்கூட வைத்துவிட்டாள். வியாழக்கிழமை மத்தியானப் பஸ் என்று முடிவு.

இழை வந்த முதல் நாள், அவர் போனபிறகு பதினோரு மணிக்கு அவள் எந்த வீட்டிலும் எவளும் செய்வதுபோல அடுப்பை அணைத்தாள். கால்மணி நேரத்தில் மில்லிலிருந்து போன் வந்தது.

"யாரு, மேஸ்திரி வூட்லயா? அடுப்பப் பத்த வையுங்க மொதல்ல! மேஸ்திரி தாடை கட்டிட்டுதுங்க, ஆளு பின்னாலயே இழுத்துட்டு வர்றாரு!"

நடந்தது வேறொன்றுமில்லை. கல் ஆறினால் சீஸ் இறுகும்; கல்லில் ஒட்டியிருந்த நுனி இறுக, இழை முழுக்க இறுகி, ஒன்றரை மைலுக்கு அப்பால் நூல் நூற்கிற ரிங் பிரேம்களுக்கு நடுவே நின்று ஒரு பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்த நாச்சிமுத்துவின் வாயைப் பாதிச் சொல்லில் மூடி, தலையைப் பின்னுக்கு வளைத்து, மூக்கணாங்கயிறு இழுபட்ட மாட்டைப்போல அவரைக் கேட்டை நோக்கி நடத்தியிருந்தது. கோகிலாமணி அடுப்பைப் பற்றவைத்து, சிம்மில் வைத்து, கல் சூடேறும்வரை நின்றாள். மில்லில் அவருடைய வாய் திறந்தது, விட்ட இடத்திலிருந்து திட்டைத் தொடர்ந்தார் என்று பிறகு சொன்னார்கள். அதிலிருந்து அவர் வீட்டைவிட்டு வெளியே இருக்கிற நேரமெல்லாம் அடுப்பு எரிய வேண்டும், எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் அவள் நிற்க வேண்டும் என்றாயிற்று. சாயங்காலம் அவர் திரும்பி வரும்போது, மாடு கொட்டிலுக்கு வருவதுபோல இழையும் சுருங்கித் தானாக வந்து அடுப்படியில் படுத்துக்கொள்ளும்.

அன்று சாயங்காலமே மில் ஆட்கள் திரண்டு வந்தார்கள். வேறு ஊராக இருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள், அல்லது பூசாரியையாவது கூப்பிட்டிருப்பார்கள். இவர்கள் நூல் பிழைப்புக்காரர்கள், இழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டி, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்கள்.

"அறுவதாம் நம்பருக்குக் கொறையாதுங்" என்றார் ஒரு மிசின் பிட்டர், நூல் எத்தனை மெல்லிசு என்பதை நம்பரில் சொல்கிற மில் வழக்கப்படி.

"என்னங்க, எம்பதே சொல்லலாம். முறுக்கப் பாருங்க, எப்படி நிக்குதுன்னு."

"ஒன்றர மைலு போயி அறாத வந்துருக்குது. நம்ம மிசின்ல வந்தா இப்படி வருமா?"

கோகிலாமணிக்கு அதைக் கேட்கும்போது, வெட்கத்தைவிட்டுச் சொல்ல வேண்டுமென்றால், கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அதே மில்லில் ஐந்து வருஷம் சைடு ஓட்டினவள் அவள், மிசினின் ஒரு பக்கத்துக் கதிர்களெல்லாம் அவள் பொறுப்பு. ஓடுகிற மிசினில் எந்தக் கதிரில் இழை அறுந்தாலும் ஓடிப்போய் நுனியைப் பிடித்துத் திரித்து ஒட்டுவதில் அவளுக்குச் சமமாக அந்த ஷெட்டில் ஒருத்தியும் இருக்கவில்லை. அவள் போட்ட ஒட்டைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லித்தான் நாச்சிமுத்து பெண் கேட்டார், கேட்டு, கட்டி, வேலைக்குப் போக வேண்டாம் என்று நிறுத்தினார். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல்தடவையாக அந்த வீட்டில் நூலைப் பற்றிய ஒரு நல்ல பேச்சு அவள் பக்கமாக வந்தது. எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள்.

புதன்கிழமை ராத்திரி சோறு போடும்போது அவள் பேச்சை எடுத்தாள்.

"ஏனுங், நாளைக்கு மத்தியானம் பஸ்ஸுங்க. அக்காளுக்கு நாளான்னைக்கு ஆப்பரேசனுங்க."

"போகோணும்னா போ. நானா வேண்டாங்கறேன்" என்றார் நாச்சிமுத்து, கடைவாயில் இழை தொங்க. "ஆனா என்ற வாயி?"

அவள் ஒவ்வொரு வழியாக யோசித்தாள். பக்கத்து வீட்டு வளர்மதியை அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமென்றால் வளர்மதியின் வீட்டிலும் அன்று காலை இழை வந்துவிட்டது. கல்லையே தூக்கிக்கொண்டு போகலாமென்றால் எரிகிற அடுப்போடு எந்தப் பஸ்ஸில் ஏற்றுவார்கள். வெள்ளிக்கிழமை துளசிமணியை அடுத்த படுக்கைக்காரியின் மகன் கையெழுத்துப் போட்டு உள்ளே அனுப்பினான் என்று போனில் செய்தி வந்தது. கோகிலாமணி அடுப்புக்கு முன்னால் நின்றபடியே அழுதாள்.

ஒரே வாரத்தில் காலனியில் ஐம்பத்தேழு வீட்டில் இழை வந்துவிட்டது. வராத வீட்டுக்காரர்கள் வெளியே தலைகாட்டக் கூசினார்கள். இழையோடு வருகிறவன் வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறவன், பெண்டாட்டி கவனிக்கிற புண்ணியவான். இழையில்லாமல் வருகிறவன் மெஸ்ஸில் தின்கிற அநாதை. மில் கேட்டில் வாட்ச்மேன் வரிசையாகக் கொக்கி அடித்து, ஷிப்டு வாரியாக இழைகளை மாட்டி விட்டான். தச்சர் வந்து வீட்டுக்கு வீடு வாசல்காலில் ஓட்டை போட்டுக் கொடுத்தார், கதவு சாத்துகிற கவலை தீர்ந்தது. இழையைத் தாண்டிப் போவது பாவம், குனிந்துதான் போக வேண்டும் என்று எவனோ கிளப்பிவிட, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பையோடு குனிந்து குனிந்து நிமிர்ந்து போயின. வாயில் இழை இருப்பதால் பேச்சில் வருகிற சின்னக் குழறல் கௌரவமாகி, இழையில்லாதவர்களும் குழறிப் பேசக் கற்றுக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் பாட்டுப் பாடுமா, கோலம் போடுமா என்று கேட்பதை விட்டு, எத்தனை மைல் இழை நிற்கும் என்று கேட்டார்கள், பெண்ணைப் பெற்றவர்களும் அசராமல் ஒரு கணக்குச் சொன்னார்கள்.

இழை நாள் முழுக்க, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், அவர்கள் வாய்க்குள் போய்க்கொண்டே இருந்தது. வெற்றிலைபோல அதை மென்றபடி வேலை பார்த்தார்கள். அதனால் தினமும் காலையில் கல்லில் புதிதாகச் சீஸ் விழ வேண்டும், இல்லாவிட்டால் இழை மெலியும். மெலிந்த இழையோடு ஒருவன் போனால், என்ன மாப்ள வூட்ல சண்டையா என்று கேண்டீனில் கேலி செய்வார்கள். ஆகவே சீஸ் ஊத்தப்பம், சீஸ் சேமியா, சீஸ் பருப்பு அடை, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்த சீஸ் ரொட்டி உப்புமா என்று ஐம்பத்தேழு அடுப்படியிலும் விதம் விதமாக விழுந்தது. எல்லாம் சுலபமானது.

அக்கவுண்ட்ஸ் கிளார்க்கின் மனைவி வசுமதி டீச்சரை மட்டும் ஊர் வாயில் போட்டு மென்றது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த அவளும் அதே சீஸைத்தான் போட்டாள், அதே கல்லில்தான் போட்டாள், ஆனால் அவள் வீட்டுக்காரரின் இழை தினமும் தெருமுனை தாண்டுவதற்குள் பட்டென்று அறுந்துபோகும். கைராசி இல்லை, மனசில் பிரியம் இல்லை, படித்தவள் சமைத்தால் இப்படித்தான் என்றார்கள். வசுமதி டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அவளைப் பார்த்துப் பாவம் என்று சொன்னவர்களில் கோகிலாமணியும் ஒருத்தி.

கார்த்திகை பிறந்ததும் மில்லில் விழா எடுத்தார்கள். இழை வந்ததிலிருந்து எந்த மேஸ்திரியும் டீக்கடைக்கு நழுவுவதில்லை, எவன் எங்கே நிற்கிறான் என்று இழையைப் பிடித்துக்கொண்டு போனால் தெரிந்துவிடுகிறது, உற்பத்தி கூடியிருக்கிறது. மருமகனின் சீஸும் ஊரெல்லாம் பேர் வாங்கிவிட்டது. முதல் இழை போட்ட கோகிலாமணி அம்மாளுக்குப் பொன்னாடை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மேடைக்கு அவள் எப்படி வருவாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வரவில்லை என்று தெரிந்தபோதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, மேனேஜர் மைக்கில், அடுப்பைவிட்டு அகலாத அந்தத் தாய்மையைப் பாருங்கள் என்று சொல்ல, ஐந்நூறு பேர் கைதட்ட, பொன்னாடையை நாச்சிமுத்து வாங்கிக்கொண்டார். கைதட்டல் ஒலிபெருக்கி வழியாக ஒன்றரை மைல் தாண்டி அடுக்களைவரை கேட்டது. அவள் அப்போது கல்லில் இருபத்தோராம் நாள் சீஸைத் துருவிக்கொண்டிருந்தாள்.

துளசிமணியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பி வாரம் ஆகியிருந்தது. அன்று காலை அவள் போன் பண்ணினாள்.

"நல்லாத்தான் இருக்கறேன். வலது கை மேல தூக்க வரல, அவ்வளவுதான். சீப்பு எடுக்க முடியல, தலை சிக்குப் புடிச்சுக் கெடக்குது. பக்கத்தூட்டுக்காரி கஞ்சி ஊத்தறா, அவளுக்கும் எத்தன நாளைக்கு முடியும்." பிறகு, "நீ வர்றியாடி?" என்றாள்.

"வர்றேனுங்க்கா" என்றாள் கோகிலாமணி. போனை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

அடுப்பு நாள் முழுக்க எரிவதால் கேஸ் நிற்கவில்லை, சிலிண்டர் போடுகிற சவரிமுத்து அந்தக் காலனிக்கே குடிவந்தவர் மாதிரி ஆகியிருந்தார். திண்டுக்கல்காரர், ஐம்பத்தைந்து வயசு, மில் பக்கமே எட்டிப்பார்த்தறியாதவர். விழாவுக்கு மறுநாள் காலை பத்து மணிக்குச் சிலிண்டரை உருட்டி வந்து மாட்டிவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்தபடி அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றார். கோகிலாமணி அவரிடம் துளசிமணியின் கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அது ஏன் தங்கச்சி ஒட்டுன?" என்றார் அவர் நடுவில்.

"எதைங்கண்ணா?"

"அந்த நூலத்தான். இப்பத்தான பட்டுன்னு அந்துச்சு, கல்லுகிட்ட. நீ பேசிக்கிட்டே பிடிச்சு ஒட்டிட்டியே."

"அது அறாதுங்கண்ணா. ஊருக்கே தெரியும்."

"அட, நான் பாத்துக்கிட்டுத்தான நிக்கிறேன். இந்தா, மறுபடி அந்துருச்சு பாரு!"

கோகிலாமணி குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை, அவளைக் கேட்காமல், கல்லிலிருந்து நழுவி ஓடப்பார்த்த நுனியை எட்டிப் பிடித்து, கல்லில் உருகிக் கிடந்த சீஸில் ஒரு கிள்ளு எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து ஒரு திரி திரித்து ஒட்டிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல முந்தானையில் துடைத்துக்கொண்டது. மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். ஐந்து வருஷம் சைடு ஓட்டின கை அது, அறுந்த இழையைக் கண்டால் நிற்காது, தூக்கத்தில்கூட ஒட்டும். அவள் அசையாமல் நின்று தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மத்தியானச் சங்கு ஊதுவதற்குள் இழை ஒன்பது தடவை அறுந்தது, ஒன்பது தடவையும் கை போய் ஒட்டிவிட்டு வந்தது.

சீஸ் எல்லார் வீட்டிலும் அறுவதுபோலத்தான் அறுந்திருக்கிறது. காலனியின் ஐம்பத்தேழு அடுப்படியிலும் நிற்பவர்கள் ஒரு காலத்தில் சைடு ஓட்டிவிட்டு வந்தவர்கள், தினமும் பேசிக்கொண்டும் அழுதுகொண்டும் பிள்ளையைத் திட்டிக்கொண்டும் ஒட்டியிருக்கிறார்கள். வசுமதி டீச்சர் மில்லில் கால் வைக்காதவள், அறுந்ததை ஒட்டத் தெரியாது, அதனால் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போக முடிந்தது. கோகிலாமணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அக்காளின் சிக்குப் பிடித்த தலை ஞாபகம் வந்து தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஆனாலும் மனசின் ஓரத்தில், பாவம் மனுஷனுக்கு இது தெரியாது, தெரிந்தால் அவரே போ என்று சொல்லிவிடுவார் என்று ஒரு நம்பிக்கை இருந்தது, அந்த நம்பிக்கையோடு சாயங்காலம்வரை காத்திருந்தாள்.

அவர் வந்து, பொன்னாடை மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே உட்கார்ந்து, காபியைக் கையில் வாங்கினார்.

"ஏனுங், இந்த இழை அறுந்துட்டேதானுங் இருந்துருக்குது. நாந்தான் எனக்கே தெரியாத ஒட்டிட்டு இருந்துருக்கறேன்."

"தெரியும்" என்றார் நாச்சிமுத்து.

காபியை ஊதி ஒரு வாய் குடித்தார். தன் காதில் விழுந்தது சரியா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"எப்பருந்துங்க?"

"மொத நாளே. பத்தரை மணிக்கு ஒதட்டுல ஒரு ஒட்டுத் தட்டுச்சு. இருவத்தெட்டு வருசமா நூலத் தடவித்தானே புள்ள சம்பளம் வாங்கறேன், எனக்குத் தெரியாதா? கண்ணுக்குத் தெரியாட்டி, ஒதட்டுக்குத் தெரியும்."

"அப்பறம் ஏனுங் சொல்லல?"

"ஒட்டு சுத்தமா இருந்துச்சு. கொற இருந்தாத்தானே சொல்லோணும்?"

"மத்தவிங்களுக்கு?"

"மில்லுல யாருக்குப் புள்ள தெரியாது" என்றார் அவர், டம்ளரை நீட்டியபடி. "நாளைக்கு அந்தப் பணியாரம் பண்ணிரு, சுலபமா."

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷன்மேல் அவளுக்கு வந்த கோபமெல்லாம் சின்னக் கோபம், வந்த வழியே போய்விடும். இது வந்து உட்கார்ந்துகொண்டது. அக்காளுக்கு ஆப்பரேஷன் என்று இவரிடம் சொன்னபோதும் இவருக்குத் தெரிந்திருக்கிறது. என்ற வாயி என்று கேட்டபோதும் தெரிந்திருக்கிறது. உதட்டில் ஒட்டு ஒவ்வொன்றாகத் தட்டத் தட்ட, அவள் கை எத்தனை தடவை ஓடியது என்று அறிந்துகொண்டே மென்று விழுங்கியிருக்கிறார், ஐம்பத்தேழு பேரும் அறிந்துகொண்டே மென்று விழுங்கியிருக்கிறார்கள். தெரியாமல் செய்கிறவனை மன்னிக்கலாம் என்றுதான் அவளுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள்.

மறுநாள் காலை பணியாரம் சுடவில்லை. தோசை வார்த்தாள், சீஸ் துருவினாள். நாச்சிமுத்து பணியாரம் எங்கே என்று முறைத்துவிட்டு, கல்லிலிருந்தே கிள்ளித் தின்றுவிட்டு, இழையோடு கிளம்பிப் போனார். அவர் தலை மறைந்ததும் அவள் இன்னொரு தோசை வார்த்தாள், தனக்கு. அறிவு சொன்னால் கை கேட்காது என்று அவளுக்குத் தெரியும், கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க அதை எடுத்து, மடிக்காமல், இரண்டு கையாலும் இரண்டு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அடுப்புக்கு முன்னாலேயே நின்று கடித்தாள். விரல் சுட்டது. அந்த அடுக்களையில் முறுகல் ஆறாத தோசை ஒன்றை அவள் தின்றது அதுதான் முதல்தடவை, கண்ணில் தண்ணீர் வந்தது, சூட்டினாலா என்னவென்று அவள் யோசிக்கவில்லை.

பத்து மணிக்குக் கல்லின்மேல் இழை அறுந்தது. வலது கை தோசையை விட்டுவிட்டுத் துள்ளப் பார்த்தது, பற்களால் தோசையைப் பிடித்துக்கொண்டு கையைக் கையால் பிடித்தாள். நுனி கல்லிலிருந்து நழுவி, மேடையிலிருந்து இறங்கி, தரையில் ஊர்ந்து, வாசல்காலில் தச்சர் போட்ட ஓட்டைக்கு முன்னால் ஒரு நொடி நின்றது. அவளுடைய பத்து விரலும் ஒன்றையொன்று நெரித்துப் பிடித்துக்கொண்டன. பிறகு அது ஓட்டைக்குள் நுழைந்து வெளியே போய்விட்டது. மிச்சத் தோசையைத் தின்று முடித்து, அடுப்பை அணைத்து, சிலிண்டர் வால்வையும் மூடினாள். தீபாவளியிலிருந்து மடித்து வைத்தபடியே இருந்த பையை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினாள்.

பஸ் ஸ்டாப்புக்குப் போகிற வழியில் திறந்திருந்த ஒவ்வொரு அடுக்களை ஜன்னலிலும் நின்று ஒரே சொல்லைச் சொன்னாள்: "உங்க கையப் பாருங்க." வளர்மதி குனிந்து பார்த்தாள், பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இன்னும் பத்துப் பதினைந்து பேர் பார்த்தார்கள். மற்றவர்களில் சிலர், உனக்கென்னம்மா பொன்னாடை வாங்கினவள், என்ன வேண்டுமானாலும் பேசுவாய் என்றார்கள், ஒருத்தி ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். சாத்தின ஜன்னலுக்குப் பின்னால் அவள் கை என்ன செய்துகொண்டிருக்கும் என்று கோகிலாமணிக்குத் தெரியும். வாதாட நேரமில்லை, பஸ் வந்துவிட்டது.

சாயங்காலம் நாலு மணிக்கு உடுமலையில் துளசிமணியின் வீட்டில் ஸ்டூலைப் போட்டு அக்காளை உட்காரவைத்து, பின்னால் நின்று, தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டுச் சிக்கெடுத்தாள். துளசிமணி வந்தவளை வா என்றுகூடச் சொல்லவில்லை. ஆப்பரேசனாகி மூணு வாரமாகப் போகுது என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவள், பாதித் தலை சிக்கெடுத்து முடிந்தபோதுதான், என்னடி ஆச்சு என்று கேட்டாள். கோகிலாமணி எல்லாவற்றையும் சொன்னாள், உதட்டில் ஒட்டுத் தட்டியதுவரைக்கும். முடியை மூன்றாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தபோது கோகிலாமணியின் விரல்கள் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த இழையை மறந்தன.

போன் அடித்தது. துளசிமணி இடது கையால் எடுத்து, யார் என்று பார்த்து, ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"கோகிலாவக் குடுங்க" என்றது நாச்சிமுத்துவின் குரல், குழறலோடு. பின்னால் ஆட்கள் சலசலக்கிற சத்தம் கேட்டது. "இழை அறுந்து போச்சுங்க. பத்து மணியிலிருந்து வாயிலிருந்து தொங்கிட்டுக் கெடக்குது. மில்லே வேடிக்க பாக்குது, இன்னும் நாலஞ்சு பேருக்கும் அறுந்துருச்சு. இவ வூட்டப் பூட்டிட்டு வந்துட்டா. வந்து ஒட்டி வுட்டுட்டுப் போகச் சொல்லுங்க."

"அவளுக்கு ரெண்டு கையும் வேலையா இருக்குதுங்க மாப்ள" என்றாள் துளசிமணி.

"எப்ப முடியும்?"

"எனக்குக் கை தூக்க வர்ற வரைக்கும். அப்பறமும் அவ இஷ்டம்."

"அதுவரைக்கும் நான் என்னங்க பண்றது?"

"ஒட்டு எங்கெங்க இருக்குதுன்னு ஒதடு வெச்சே கண்டுபுடிப்பீங்களாமே" என்றாள் துளசிமணி. "ஒண்ணொண்ணா எண்ணீட்டு இருங்க. இருவத்திரண்டு வருசத்துக்கு எண்ணோணும்."

போனை அணைத்துவிட்டு, இழுத்துப் பின்னாதடி, வலிக்குது என்றாள். கோகிலாமணி கையைத் தளர்த்திக்கொண்டு மேலே பின்னினாள்.